நான் இறுக்கிய நட்டு

என் மகளுக்குப் பதினொரு வயதில் ஸ்கேட் வாங்கப் போனோம். பிள்ளைகளே, ஸ்கேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நாலு சக்கரமும் ஒன்றன் பின் ஒன்றாக, எறும்பு போவதுபோல ஒரே வரிசையில் இருக்கும். அதற்கு இன்லைன் என்று பேர். இன்னொன்றில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, கார் மாதிரி. அது குவாட். கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தார். மகள் இன்லைனைத் தொட்டுப் பார்த்தாள். நான் குவாடைத் தூக்கினேன்.

“எப்பா, எல்லாரும் இந்த ஒத்த வரிசைதான் போட்டு ஓட்டுதாங்க.”

“எல்லாரும் விழட்டும். நீ விழாண்டாம்.”

நான் தென்காசியில் லோடு ஆட்டோ ரிப்பேர் வேலை பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவிழ்ந்து நொறுங்கிய மூன்று சக்கர வண்டிகள் எத்தனையோ என் முன்னால் வந்து கிடந்திருக்கின்றன. நாலு மூலையிலும் சக்கரம் இருக்கிற வண்டிதான் வண்டி என்பது என் எண்ணம். ஓட்டப் போகிறவளின் எண்ணத்தை நான் கேட்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் கார் நிறுத்தும் இடத்தில் நல்ல வழுவழுப்பான சிமெண்டுத் தரை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலை ஆறு மணிக்கு அங்கே வகுப்பு நடக்கும். சொல்லிக் கொடுப்பவர் ஒரு இளைஞர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கழுத்தில் விசில் தொங்கும், நாக்கில் முள் இருக்கும்.

அங்கே வேகப் போட்டி கிடையாது. சின்னச் சின்னக் கூம்புகள் இருபதை ஒரே கோட்டில் வைப்பார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம். ஒரு கூம்பும் சாயாமல் அதற்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். இரண்டு காலையும் சேர்த்துப் போனால் அது மீன். ஒரு காலுக்கு நேர் பின்னால் இன்னொரு கால் வைத்துப் போனால் பாம்பு. காலை மாற்றி மாற்றிக் குறுக்கே போட்டால் கத்திரி. எல்லாம் பிள்ளைகள் வைத்த பேர்.

முதல் நாள் என் மகள் குவாடை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

“பாப்பா, கூம்பு ஓட்ட வந்தியா, மூட்டை ஏத்த வந்தியா?”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண் ஒருத்தி, என் மகள் வயதுதான், இன்லைனில் நன்றாக ஓட்டுவாள். அவள் கையை விரித்துக்கொண்டு கத்தினாள்.

“மாட்டு வண்டி வருது, வழி விடுங்கட்டீ!”

அன்றிலிருந்து இரண்டு மாதம் என் மகளுக்கு அங்கே பேரே இல்லை. ஏ மாட்டு வண்டி, தண்ணி பாட்டில எடு. ஏ மாட்டு வண்டி, தள்ளி நில்லு. நானும் அதைக் கேட்டேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தால் மண்டபச் சுவர் மறைக்கும், சத்தம் மட்டும் வரும்; கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ‘ஓட்டிக் காட்டினால் வாயை மூடுவார்கள், இவள் ஏன் ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிறாள்’ என்று மகள்மேல்தான் கோபம் வந்தது.

ஒருநாள் லாட்ஜ் வீட்டுப் பெண் தன் இன்லைனைக் கழற்றி நீட்டினாளாம். “இத மாட்டிப் பாரு. எத்தன தடவ விழுதன்னு எண்ணுதோம்.” மகள் மாட்டினாள். எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். ஒன்பது. முழங்கை உரிந்து வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா மஞ்சள் பற்றுப் போடும்போது அழாமல் ஒன்று சொன்னாள்.

“எம்மா, அதுல நிக்கத்தான் பயமா இருக்கு. திரும்பப் பயமே இல்ல. கணுக்கால லேசாச் சாச்சாப் போதும், அதுபாட்டுக்கு வளஞ்சுருது. என் ஸ்கேட்டுல நிக்கப் பயமில்ல. திரும்பத்தான் பயம்.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் சொன்ன பதில்: “ஒன்பது தடவ விழுந்துட்டு வந்து வியாக்கியானமாட்டீ பேசுத?”

இப்போது ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். குவாடில் முன் இரண்டு சக்கரத்துக்கு ஒரு அச்சு, பின் இரண்டுக்கு ஒரு அச்சு. ஒவ்வொரு அச்சையும் ஒரு போல்ட் பிடித்திருக்கும். போல்டில் ஒரு ரப்பர், அதன்மேல் ஒரு நட்டு. ஓட்டுகிறவள் பாதத்தை ஒரு பக்கம் அழுத்தினால் ரப்பர் நசுங்கும், அச்சு சாயும், ஸ்கேட் அந்தப் பக்கம் திரும்பும். நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் அந்த அசைவு வரும். குவாடில் திரும்புவது என்றால் அதுதான், வேறு வழியே கிடையாது. இன்று இதை எழுதுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாது.

வாங்கி வந்த அன்றே ஸ்கேட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். அச்சு ஆடியது. எங்கள் வேலையில் சக்கரம் ஆடினால் அது வியாதி. ப்ளே இருக்கு என்போம். ப்ளே இருக்கிற வண்டியை ரோட்டில் விடுகிறவன் மெக்கானிக் இல்லை. பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்து நாலு நட்டையும் இறுக்கினேன். ஒரு அசைவு இல்லாமல் கட்டை மாதிரி ஆனது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதல் வாரமே மகள் வந்து நின்றாள்.

“எப்பா, மாஸ்டர் நட்டக் கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு வரச் சொன்னாரு.”

“யாரு, விசில் ஊதுதவனா? நான் வீல் பாக்க ஆரம்பிக்கும்போது அவன் பொறக்கவே இல்ல. வீல லூஸாக்கி ஓட்டுன்னு எவனாவது சொல்லுவானா?”

“குவாடுக்கு அப்படித்தானாம்ப்பா. போன் வீடியோவுலகூட ஒரு அக்கா…”

தலையில் ஒரு கொட்டு வைத்தேன். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கை. பாதியில் நின்ற அந்தப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

வகுப்பு போதாது என்று சாயங்காலம் மொட்டை மாடியில் நானே பழக்கினேன். டீக்கடையில் காகிதக் கப்பு வாங்கி வந்து கவிழ்த்து வைப்பேன், காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். ஓட்டச் சொல்லுமுன் தினமும் நட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தினமும் தளர்ந்திருக்கும். ‘அதிர்வில் கழல்கிறது, மட்டமான மரை’ என்று போல்டின் திருகு வரியைத் திட்டிக்கொண்டே மறுபடியும் இறுக்குவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்புறம் ஓடுவாள். மூன்றாவது கப்பு சாயும். ஐந்தாவது சாயும். திரும்ப முடியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். பாம்பு போகும்போது முன் காலின் சக்கரத்தில் பின் காலின் சக்கரம் மோதும். சாய்ந்த ஒவ்வொரு கப்புக்கும் பத்துத் தோப்புக்கரணம் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். ஸ்கேட்டைக் கழற்றக் கூடாது. இரண்டு கையும் காதைப் பிடித்திருக்கும், காலில் சக்கரம். உட்காரும்போது பின்னால் உருண்டு விழுவாள். எழுந்து மறுபடி காதைப் பிடிப்பாள். பக்கத்து மாடிப் பெண்கள் துணி காயப் போடுவதை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். நான் அவர்களையும் பார்த்துச் சிரிப்பேன். இது எழுதக் கூசுகிறது. ஆனால் சிரித்தேன்.

என் மனைவி ஒருநாள் மாடிக்கு வந்தாள்.

“பிள்ளையப் பழக்குதீயளா, கொல்லுதீயளா?”

“வகுப்புல இவ நல்லா ஓட்டுதாளாம். மாஸ்டரே எங்கிட்ட சொன்னாரு, இப்ப பதினெட்டு கூம்பு சுத்தமாப் போறான்னு. அங்கன போறவளுக்கு இங்கன என்ன கேடு? எங்கிட்ட மட்டும் முரண்டு பிடிக்கா.”

“அவளக் கேட்டீயளா?”

“ஏட்டி, அங்கன போற மாதிரி இங்கன ஏன் போக மாட்டேங்க?”

மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கீழே நட்டைப் பார்த்தாள். “தெரியலப்பா” என்றாள்.

“தெரியலையாம். இன்னும் இருபது போடு.”

மே மாதக் கடைசியில் மாஸ்டர் எல்லாப் பெற்றோரையும் கூட்டி ஒரு செய்தி சொன்னார். ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கூம்பு ஓட்டிக் காட்ட நாலு பிள்ளைகளை அழைத்துப் போகப் போகிறார். இருபது கூம்பு, பாம்பு நடை. இரண்டு கூம்புக்கு மேல் சாய்த்தால் கிடையாது. ஆளுக்கு ஒரு தடவைதான். அடுத்த வாரம் தேர்வு.

மகள் அதற்குப் பிறகு வேறு எதையும் பேசவில்லை. தூங்கும்போதுகூடக் கால் விரல் வளைகிறது என்று அவள் அம்மா சொன்னாள். ‘குவாடிலும் முடியும்’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்கேட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். அதைப் பார்த்து நான், “எழுதினாப் போதுமா, காலு போவணும்லா” என்றேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நட்டைத் தொட்டேன். நாலும் தளர்ந்திருந்தன. நாளைக்கு ஓடும்போது கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. எங்கள் வேலையில் அதற்கு ஒரு வழி உண்டு. நட்டை முழுக்க இறுக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. மரை நசுங்கிவிடும். அப்புறம் அந்த நட்டு தானாகக் கழலாது, கையாலும் கழலாது. நாலு போல்டிலும் அப்படி அடித்தேன்.

முதல் அடி விழுந்ததும் மகள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“என்னட்டீ?”

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். மூன்று போல்ட் மீதி இருந்தன. அவள் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவிடம் வாயைத் திறந்தால் கொட்டு விழும். அந்த ஒரு பாடத்தை அவள் நன்றாகப் படித்திருந்தாள். நாலாவது அடியும் விழுகிறவரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் சாரல் விட்டு வெயில் வந்திருந்தது. தரையைத் துணியால் துடைத்துக் கூம்பு வைத்தார்கள். லாட்ஜ் வீட்டுப் பெண் முதலில் போனாள். கணுக்கால் மட்டும் இப்படியும் அப்படியும் சாய்ந்தது, மேல் உடம்பு அசையவே இல்லை. இருபதும் நின்றன. அடுத்தடுத்து இன்னும் இரண்டு பேர் தேறினார்கள். ஒரு இடம்தான் மீதி.

மகளைத் தேடினேன். மண்டபச் சுவர் ஓரமாகக் குந்தி, ஸ்கேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் என் பதினாலாம் நம்பர் ஸ்பானர். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, முழு உடம்பையும் போட்டு அழுத்துகிறாள். நட்டு அசையவில்லை. உள்ளங்கை சிவந்து தோல் சுருண்டிருந்தது.

“என் ஸ்பானர எதுக்குட்டி எடுத்த?”

கொட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னாள். “லூஸ் பண்ணணும்ப்பா. கொஞ்சம்தான். ஒரே ஒரு சுத்து. நீங்க பண்ணித் தாங்கப்பா.”

“லூஸ் பண்ணி நடுவுல கழண்டு மூஞ்சி ஒடையவா? குடு இங்கன.”

பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். விசில் கேட்டது. அவள் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கோட்டுக்குப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் கூம்பைக் கடந்தாள். இரண்டாவதில் அவள் பாதத்தை எவ்வளவு அழுத்துகிறாள் என்று முழங்காலைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்கேட் நேராகவே போனது. இரண்டாவது சாய்ந்தது. நாலாவதும் ஐந்தாவதும் சாய்ந்தன. அதோடு போச்சு, நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று இழுத்துக்கொண்டே போனாள். பத்தாவதுக்குப் பக்கத்தில் முன் சக்கரத்தில் பின் சக்கரம் ஏறியது. கை ஊன்ற நேரமில்லை. தாடை தரையில் பட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

“மாட்டு வண்டி கவுந்துட்டு!” என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

பிள்ளைகளே, ஒரு அப்பா அப்போது ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு கத்தினேன்: “சோத்தத்தான திங்க? மாடுகூட வளஞ்சு போவும்லா!”

சிரிப்பு இன்னும் கூடியது. என் சொல்லும் அதில் சேர்ந்துகொண்டது.

தூக்கியவர் மாஸ்டர். தாடையில் கைக்குட்டையை வைத்து அவளை உட்கார வைத்தார். ஸ்கேட்டைக் கழற்றி அச்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். நசுங்கிய மரையைத் தடவிப் பார்த்தார்.

“யாரு அடிச்சது இத?”

“நான்தான் மாஸ்டர். கழண்டு கழண்டு போச்சு. அதான்.”

“அண்ணாச்சி,” என்றார் மெதுவாக, “இது லோடு ஆட்டோ இல்ல. இத ஆட விட்டாத்தான் திரும்பும். காலக் கட்டிப் போட்டுட்டு ஓடச் சொல்லியிருக்கீய.”

“தானா லூஸாவுது மாஸ்டர், தினமும்…”

லாட்ஜ் வீட்டுப் பெண்தான் அதற்குப் பதில் சொன்னாள். “அங்கிள், அது தானா லூஸாவல. அவ தினமும் பையில ஸ்பானர் கொண்டுவந்து இங்கன கழட்டுவா. நீங்க வீட்டுல இறுக்கிருவீங்கன்னு சொல்லுவா. எங்க எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?”

யாரும் சிரிக்கவில்லை இப்போது. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடியில் விழுந்த ஒவ்வொரு கப்பும், அதற்குப் போட்ட ஒவ்வொரு தோப்புக்கரணமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் அவள் திறந்ததை மாலையில் நான் பூட்டியிருக்கிறேன், பூட்டிவிட்டு ஓடவில்லை என்று தண்டித்திருக்கிறேன்.

“மாஸ்டர், இப்பவே பட்டறைக்குப் போயி ஆக்ஸா பிளேடால அறுத்து வேற போல்ட் போட்டுட்டு வாரேன். ஒரு மணி நேரம். இன்னொரு தடவ விடுங்க.”

“எல்லாருக்கும் ஒரு தடவதான் அண்ணாச்சி. இவளுக்கு மட்டும் எப்படி?” என்றார் அவர். அடுத்த பிள்ளையின் பேரைக் கூப்பிட்டார். அவள் இரண்டு கூம்பு சாய்த்துத் தேறினாள். நாலு பேர் ஆகிவிட்டது.

வண்டியில் வரும்போது மகள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்னால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அப்பாவுக்குத் தெரியாதுட்டீ” என்றேன். “சொல்லியிருக்கலாம்லா” என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே காது கூசியது. ஏனென்றால் அவள் சொன்னாள். முதல் வாரமே சொன்னாள்.

அன்றே நாலு போல்டையும் அறுத்தேன். புதுசு போட்டு, ரப்பர் நசுங்கும்படி அளவாக நட்டு வைத்து, அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அழுத்திப் பார் என்றேன். அவள் பார்க்கவில்லை. தாடையில் மூன்று தையல். வாயைத் திறக்க வலித்த நாட்களில் அவள் பேசாததை டாக்டர் சொன்னதால் என்று நினைத்துக்கொண்டேன். தையல் பிரித்த பிறகும் என்னிடம் பேசாதபோது அப்படி நினைக்க முடியவில்லை.

ஆலங்குளத்து விழா அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. ஆடி போய் ஆவணியில் அவள் மறுபடி வகுப்புக்குப் போகிறாள் என்று மனைவி சொன்னாள். சந்தோஷமாக வண்டிச் சாவியை எடுத்தேன்.

“நீங்க வராண்டாம்ங்கா. நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்.”

“அவளா சொன்னா?”

“பின்ன நானா சொல்லுதேன்?”

ஸ்கேட்டு எங்கே இருக்கிறது என்றுகூட அதன்பின் எனக்குத் தெரியாது. மாடியில் கப்பு வைக்க நான் போகவில்லை. இன்லைன் வாங்கித் தரட்டுமா என்று மனைவி மூலமாகக் கேட்டனுப்பினேன். “வேண்டாம். குவாடுதான்” என்று பதில் வந்தது. கார்த்திகையில் சபரிமலைக்குப் போகிற வேன்கள் மண்டபத்தில் நிறைந்தபோது வகுப்பு இல்லை என்பதும், தையில் மறுபடி தொடங்கியது என்பதும் வேறு பெற்றோர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாசியில் ஒரு ஆட்டோக்காரர் பிரேக் வேலைக்கு வந்தார். அவர் பிள்ளையும் அந்த வகுப்பில் படிக்கிறது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“அண்ணாச்சி, உம்ம மவ போட்ட போடு இருக்கே! போன வாரம் இருபது கூம்பும் பாம்புலயே போயி, திரும்பி வரும்போது கத்திரி போட்டு வந்தா. ஒண்ணுகூடச் சாயல வே. அந்த லாட்ஜுக்காரர் மவளே கை தட்டுனா. வீட்டுல ஒரே கொண்டாட்டமா இருந்திருக்குமே?”

“ஆமா, ஆமா,” என்றேன். “சொன்னா. அன்னைக்கே சொன்னா.”

அவர் போன பிறகும் கையில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் முழுக்க வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அவள் அம்மாவிடம் கணக்கு டீச்சரைப் பற்றிப் பேசினாள். பேனா தீர்ந்துவிட்டது என்றாள். என் முன்னால் சிரித்தமாதிரி ஞாபகம் இல்லை. மனைவிக்குத் தெரிந்திருக்கும். அவளும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று மகள் கேட்டிருப்பாள்.

சாயங்காலம் சீக்கிரமே பட்டறையைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள். தாடையில் தையல் போட்ட இடம் வெள்ளையாக ஒரு கோடு மாதிரி தெரிந்தது. எதிரே உட்கார்ந்தேன். அவளாகவே சொல்லட்டும் என்று ஒரு தோசை தின்று முடிக்கிறவரை காத்திருந்தேன். அப்புறம் முடியாமல் கேட்டேன்.

“கிளாஸுல எப்படிப் போவுதும்மா?”

“போவுது,” என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு, சட்னி வாங்க அடுப்படிக்கு அம்மாவிடம் போனாள். மீதித் தோசையை அங்கேயே நின்று தின்றாள்.